இரட்டைத் திராட்சைக் கிண்ணம்

என் மூத்தவள் கல்யாணத்துக்கு முந்தின வாரம், ஜெபக்கூட்டம் முடிந்ததும் லில்லிபுஷ்பம் அக்கா இதைச் சொன்னாள்.

ரோமர் காலத்துச் சீதோன் பட்டணம். கண்ணாடிச் சூளையில் வேலை செய்த அப்பியாளைச் சீமான் பால்பஸ் அடிமையாக வாங்கியிருந்தார். ஆளுநரே வந்திருந்த விருந்தில், திராட்சைக் குலை போட்ட நீலக் கிண்ணம் அவள் கை தவறிச் சிதறிவிட்டது.

"அடிப்பாவி! என் தாத்தாவுக்கு எகிப்து ராஜா கொடுத்தது! உலகத்திலேயே ஒன்றுதான்! பொழுது சாய்வதற்குள் இதேபோல் ஒன்று கொண்டு வா. இல்லையென்றால் உன்னைச் சுரங்கத்துக்கு விற்றுவிடுவேன்!" என்று கத்தினார் பால்பஸ்.

சுரங்கத்துக்குப் போனவர்கள் திரும்பியதில்லை.

அப்பியாள் ஒரு சில்லை எடுத்து உற்றுப் பார்த்தாள். "எத்தனை வேணும், எஜமானே?"

பழைய சூளைக்கு ஓடியவள், விருந்து முடியுமுன் கூடையோடு வந்தாள். அங்கே விற்காமல் கிடந்த ஆறு நீலக் கிண்ணங்கள்! ஆறிலும் ஒரே இடத்தில் இரண்டு திராட்சை ஒட்டியிருந்தன. உடைந்த சில்லிலும் அப்படியே.

ஆளுநர் ஒரு கிண்ணத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எப்படியம்மா?"

"மண் அச்சுக்குள்ளேதான் கண்ணாடியை ஊதுவோம், ஐயா. அச்சில் உள்ளது கிண்ணத்திலும் வரும். போன அறுவடையில் இந்த அச்சைக் கீழே போட்டேன். ரெண்டு பழத்துக்கு நடுவே இருந்த வரம்பு உடைந்து, ரெண்டும் ஒன்றாயிடுச்சு. நான் கை தவறினது இது ரெண்டாம் தடவை."

"அப்படியானால் உம்ம தாத்தா போன வருஷம்தான் ராஜாவைப் பார்த்தாரோ?" என்றார் ஆளுநர், பால்பஸைப் பார்த்து.

கிண்ணம் வராவிட்டால்தான் விற்பேன் என்று பால்பஸ் ஆளுநர் முன்னேயே சொல்லியிருந்தார். அப்பியாளை விற்க முடியவில்லை.

உங்கள் வீட்டில் யார் கையிலாவது டம்ளர் உடைந்தால், "காலில் குத்திச்சா?" என்று முதலில் கேளுங்கள்.