பட்டறைத் தெருவில் மல்லர் கூடம்

இந்தக் கதையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கபடிப் பயிற்சிக் கூடம் கட்டத் தொழிற்பேட்டையில் இடம் கேட்டு அலைந்த ஒருவருக்கு, அலுவலக வரிசையில் முன்னால் நின்றவர் சொன்னதாம். அவர் எனக்குச் சொன்னார். கதையில் வரும் ராஜாவின் பெயரை ஒருமுறை ஒன்றாகவும் மறுமுறை வேறாகவும் சொன்னதால், பெயரை விட்டுவிட்டு ராஜா என்றே எழுதுகிறேன்.

அந்த ராஜாவின் அப்பா ஊரை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். குளத்துக்கு மேற்கே வீடுகள், கிழக்கே செம்பும் பித்தளையும் அடிக்கும் பாத்திரப் பட்டறைகள். பட்டறைத் தெருவில் வேறு எதையாவது கட்ட வேண்டுமானால் பட்டறைத் தலைவரைக் கேட்க வேண்டும். அவருடைய ஆட்சேபணை நியாயமானது என்று ராஜாவுக்குப் பட்டால் அனுமதி கிடையாது.

மேற்கே வேம்பையன் என்ற மல்யுத்த வாத்தியார் கூடம் நடத்திவந்தார். விடிவதற்குள் மல்லர்கள் ஒருவரை ஒருவர் தூக்கிப் போடும் சத்தத்தில் தூக்கம் கெடுகிறது என்று தெருவே திரண்டு வந்து முறையிட்டது. ராஜா கூடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். வேம்பையன் பட்டறைத் தெருவில் இருந்த காலி மனையைக் கேட்டார்.

பட்டறைத் தலைவர் மயிலேறி முடியவே முடியாது என்றார். அந்த மனையில்தான் அவர் தம் உலைச் சாம்பலைக் கொட்டிவந்தார். அதை வெளியே சொல்ல முடியுமா? மல்லர்கள் போடும் கூச்சலில் தம் ஆட்களின் கை பிசகிவிடும், குடமெல்லாம் கோணிப் போகும் என்று காரணம் சொன்னார்.

வேம்பையன் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த அம்பலத்தாடியைத் தேடிப் போனார். அமாவாசைக்குள் இடம் கிடைக்காவிட்டால் பிள்ளைகளை அவரவர் ஊருக்கு அனுப்பிவிட்டுக் கூடத்தை மூடுவதைத் தவிர வழியில்லை என்று சொன்னார். சொல்லும்போது அந்தப் பெரிய உடம்பு குறுகிப் போனது.

அம்பலத்தாடி ராஜாவிடம் போனார். ராஜாவுக்கு அவருடைய வாய்ச் சாமர்த்தியம் தெரியாதா?

"நாளைக்கு மயிலேறி சபைக்கு வந்து சொல்லட்டும், கேட்கிறேன். ஆனால் நீர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசக் கூடாது. நீர் பேசினால் நான் பட்டப்பகலையும் இருட்டு என்று ஒப்புக்கொண்டுவிடுவேன்."

"மறுத்துப் பேசவில்லை, பிரபு. அவர் சொல்வதை அந்த மனையிலேயே இருந்து கேளுங்கள். கை பிசகுவதையும் நேரில் பார்த்துவிடலாம்."

"சரி, வருகிறேன்."

"தங்கள் பாதுகாப்புக்கு ஆட்களை நானே ஏற்பாடு செய்யலாமா?"

ராஜா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் செய்யும் என்றார்.

ராஜா வருகிறார் என்று கேள்விப்பட்டதும் மயிலேறிக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்க வேலை மும்முரமாக நடப்பது ராஜாவின் கண்ணில் பட வேண்டும், ஒரு சுத்தியல்கூடச் சும்மா இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். வேலை இல்லாதவர்கள் பழைய அண்டாக்களை எடுத்து வைத்துக்கொண்டு அடித்தார்கள்.

மறுநாள் காலை ராஜா மனையில் வந்து உட்கார்ந்தார். பின்பக்கம் ஓலைத் தட்டி கட்டியிருந்தது. பாதுகாப்பு ஆட்கள் அதற்குப் பின்னால் இருப்பதாக அம்பலத்தாடி முன்பே சொல்லியிருந்தார்.

மயிலேறி கும்பிட்டுவிட்டுப் பேசத் தொடங்கினார். ராஜா காதருகே கையைக் குவித்தார். மயிலேறி கிட்டே வந்து கத்தினார். அந்த இரைச்சலில் குடம் என்பது மட்டும் ராஜாவின் காதில் விழுந்தது. நமக்குக் குடம் பரிசளிக்கிறார் போலிருக்கிறது என்று ராஜா சந்தோஷமாகத் தலையாட்டினார். மயிலேறி தொண்டை நரம்பு புடைக்க மறுபடி கத்தினார். ராஜா மறுபடி தலையாட்டினார். கடைசியில் குரல் கட்டிப்போய், வேலையை நிறுத்துங்கள் என்று மயிலேறி தெருவைப் பார்த்து இரண்டு கையையும் வீசினார்.

சுத்தியல்கள் ஒவ்வொன்றாக நின்றன. தெரு அடங்கியது.

தட்டிக்குப் பின்னாலிருந்து 'தொம்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு தொடை தட்டும் சத்தம். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல்.

மயிலேறியின் முகம் மலர்ந்தது. "கேட்டீர்களா பிரபு? இந்தச் சத்தத்தைத்தான் சொன்னேன். இதில் எப்படி வேலை செய்வது?"

ராஜா எழுந்து போய்த் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தார். வேம்பையனின் பிள்ளைகள் உடம்பெல்லாம் செம்மண்ணாக ஒருவரை ஒருவர் புரட்டிக்கொண்டிருந்தார்கள். எப்போது ஆரம்பித்தீர்கள் என்று கேட்டார்.

"விடிந்ததிலிருந்து, சாமி," என்றார் வேம்பையன். "காவலுக்கு வரச் சொன்னார்கள். சும்மா நின்றால் பிள்ளைகளுக்கு உடம்பு இறுகிவிடும்."

விடிந்ததிலிருந்து கோணிய குடத்தைக் கொண்டுவாருங்கள் என்றார் ராஜா. பட்டறை ஆட்கள் மயிலேறியைப் பார்த்தார்கள். மயிலேறி சாம்பலைப் பார்த்தார். குடம் எதுவும் வரவில்லை.

ராஜா அம்பலத்தாடி பக்கம் திரும்பினார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"பேசும் ஐயா."

"மறுத்துப் பேசுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், பிரபு. அதனால் தலைவர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். மல்லர்கள் சத்தம் போடுவது உண்மைதான். இங்கே யாரும் வேலை செய்யாதபோது அது நன்றாகக் கேட்கிறது. ஆகவே ஆட்களை வேலை செய்யச் சொல்லித் தலைவர்தான் எங்களைக் காப்பாற்ற வேண்டும்."

ராஜா சிரிக்கத் தொடங்கினார். அதற்குள் யாரோ ஒருவர் வேலையைத் தொடங்க, தெருவே சேர்ந்துகொண்டது. ராஜாவின் வயிறு குலுங்குவது தெரிந்தது, சிரிப்பு கேட்கவில்லை. அன்றே மனை மல்லர் கூடத்துக்கு என்று எழுதிக்கொடுத்தார். சாம்பலை அள்ளும் வேலை மயிலேறிக்கு. அவர் தருவதாகச் சொன்ன குடம் அம்பலத்தாடிக்கு.

இதில் எவ்வளவு நடந்தது என்று எனக்குத் தெரியாது. சரிபார்க்க முடிந்ததை மட்டும் சரிபார்த்தேன். ஒரு பாத்திரப் பட்டறை வாசலில் நின்றுகொண்டு, என் தங்கையை எதிர்ச்சாரியிலிருந்து கத்தச் சொன்னேன். அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. டீ வந்து சுத்தியல்கள் நின்றபோதுதான் குரல் காதில் விழுந்தது.

"அக்கா, எவ்வளவு நேரமா கத்துறேன், கேக்குதா இல்லையா?"