முதலாளி ஒளிக்காத விரிசல்

பரசுராம முதலாளியின் ராட்டினத்தில் அவர் சொன்னதுதான் சட்டம். பொருட்காட்சி தொடங்குமுன் அச்சுகளைக் காந்தக் கருவியால் தடவி, உள்விரிசல் தேடுகிற பவுன்தாயைக் கண்டால் அவருக்கு இளக்காரம்.

"இரும்புக்கு நாடி பார்க்கிற வைத்தியச்சியே! ராட்டினத்துல கழட்டின நாலு நல்ல அச்சோட, விரிசல் விட்ட ஒண்ணையும் கலந்து பெயிண்ட் அடிச்சிருக்கேன். கண்டுபிடி. தப்பினா வேலை கிடையாது."

பவுன்தாய் கருவியை மெல்ல நகர்த்தினாள். இரண்டாவதில் கருவியின் முள் துள்ளியது. நாலாவதிலும் துள்ளியது. இரண்டையும் ஒதுக்கினாள்.

முதலாளி தொடையைத் தட்டிச் சிரித்தார். "நான் கலந்தது ஒண்ணுதானே! மாட்டிக்கிட்டியா?"

"ஒண்ணு நீங்க ஒளிச்சது முதலாளி. இன்னொண்ணு உங்களுக்கே தெரியாம ஒளிஞ்சிருந்தது. அறுத்துப் பாருங்க."

அறுத்தார்கள். இரண்டுக்குள்ளும் மயிரிழை விரிசல்.

நாலாவதின் அடியில் வெட்டியிருந்த எண்ணைப் பார்த்தார் முதலாளி. சிரிப்பு அடங்கிவிட்டது. "இது மஞ்சத் தொட்டிலோட அச்சு. இன்னிக்குச் சாயங்காலம் அதுலதான் ஏறுவேன்னு பேத்தி அடம்பிடிச்சா."

"பாப்பாவை நாளைக்குக் கூட்டிட்டு வாங்க முதலாளி. மிச்ச அச்சையும் இன்னிக்கே பார்த்துடறேன்."

முதலாளி, வேறு யாரையும் உட்கார விடாத தன் நாற்காலியைத் தூக்கிவந்து, அவளருகே நிழலில் போட்டார்.