'ஆ' பிரிவு வழக்கு

தீர்ப்பு நான்கு நிமிடத்தில் முடிந்தது. மனு தள்ளுபடி.

அழகுபொண்ணுவின் மகள் படிக்கும் பள்ளியில் காலனிப் பிள்ளைகள் எல்லாரும் 'ஆ' பிரிவு. ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் 'அ' பிரிவு. இரண்டிலும் ஒரே பாடம், ஒரே மாதிரி பெஞ்சு, ஆகவே பாகுபாடு இல்லை என்றார் நீதிபதி. முன்தீர்ப்பு ஒன்றை ஆதாரமாகக் காட்டினார்.

"அதை எழுதினவரு எங்க பள்ளிக்கூடத்தைப் பாத்திருக்காரா?" என்று அழகுபொண்ணு கேட்டாள்.

அவளுக்காக வாதாடிய செல்லக்கனி கோர்ட்டை விட்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள். பதினெட்டு வருடம் டீச்சராக இருந்துவிட்டு வக்கீலுக்குப் படித்தவள் அவள். சீனியர் ஞானசிகாமணியின் அறைக்கு வந்ததும் வழக்குக் கட்டை மேசையில் எறிந்தாள்.

"முன்தீர்ப்புன்னா என்ன சார்? ஒருத்தர் செஞ்ச தப்பை அடுத்தவர் பாத்து எழுதறதா?"

அவர் எழுந்து அலமாரியிலிருந்து அந்த முன்தீர்ப்பை எடுத்துக் கொடுத்தார்.

"இதுக்கு எது ஆதாரம்னு பாருங்க."

அது இன்னொரு தீர்ப்பைக் காட்டியது.

"அதையும் எடுங்க."

அது அதற்கும் பழையது ஒன்றைக் காட்டியது. அந்தத் தொகுப்பை எடுக்க ஏணி போட வேண்டியிருந்தது. அட்டை கையோடு வந்தது.

அது பள்ளிக்கூட வழக்கே இல்லை. ஒரு குளத்தில் காலனிக்காரர்கள் எந்தப் படித்துறையில் இறங்குவது என்று ஊர்க்காரர்கள் போட்ட வழக்கு. தனித்தனிப் படித்துறை இருக்கலாம் என்று ஒரே பக்கத்தில் முடித்திருந்தார்கள்.

"காரணத்தை வாசிங்க."

"'எதிர்த்தரப்பில் எவரும் ஆஜராகவில்லை. எனவே அவர்களுக்கு இதில் ஆட்சேபம் இல்லை என்று கொள்ளப்படுகிறது.'"

மறுபடியும் வாசித்தாள்.

"ஏன் வரலைன்னு யாராவது கேட்டாங்களா சார்?"

"கேட்டதா எழுதலை."

"வரவிட்டிருப்பாங்களா சார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதையா சார் இன்னைக்கு அந்தப் பிள்ளைங்க தலையில கட்டினாங்க? இதைக் கிழிச்சுப் போடணும்."

"கிழிச்சா, அவங்க வரலைங்கறதுக்கு இருக்கிற ஒரே சாட்சியும் போயிடும்."

அழகுபொண்ணு கதவருகே வந்து நின்றாள். ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டிருந்தாள்.

"அடுத்து என்னைக்குங்கம்மா வரணும்?"

செல்லக்கனி வெள்ளைத்தாளை இழுத்துக்கொண்டாள்.

"மேல்முறையீட்டை எந்த முன்தீர்ப்புல தொடங்கட்டும் சார்?"

"அதெல்லாம் அப்புறம்," என்றார் ஞானசிகாமணி. "இந்தத் தடவை வந்திருக்காங்கன்னு முதல் வரியில எழுதுங்க."