சேற்றில் ஒரு முதுகு

பெண் நீர்யானை மறுபடியும் திரும்பி, வந்த தடத்திலேயே மேட்டை நோக்கி நடந்தது.

"எங்கே போற அக்கா?" என்றது அதன் முதுகில் உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்த குருவி.

"வழி தப்பிட்டேன். புல்வெளிக்குப் போய் முதல்லேர்ந்து வரணும்."

"தப்பல. இதே இடந்தான். இதே புளியமரந்தான்."

"இது வேற மரம். இங்கே ஆறு இல்லையே."

கோடை என்று ஒன்று உலகத்துக்கு இன்னும் வந்திராத காலம் அது. பேசத் தெரியாத பிராணி என்று ஒன்றும் இருக்கவில்லை. கட்டாவிச் சமவெளியில் ஆறு இளைத்துக்கொண்டு வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அது போய்விடக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முந்திய இரவு நீர்யானை மேயக் கிளம்பியபோது புளியமரத்து வேருக்கடியில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது. அதில் குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப மனம் வரவில்லை.

இப்போது அங்கே மணல் இருந்தது. குட்டி இல்லை.

புல்வெளியிலிருந்து மறுபடி கிளம்பி வந்தது. மறுபடியும் மணல். வெயில் ஏறி அதன் தோல் வெடிக்க ஆரம்பித்திருந்தது. இது தவறான இடம் என்று நினைவிருக்கட்டும் என்று, வாலைச் சுழற்றி மரத்தடியில் சாணத்தை வாரி இறைத்தது. குருவி பறந்து விலகிக்கொண்டது.

அடுத்த முறை கண்ணை நம்பாமல், தரையை முகர்ந்துகொண்டே வந்தது. மூக்கு அதன் சொந்தச் சாணத்தில் போய் முட்டியது.

"மறுபடியும் தப்பான இடம்" என்றது.

"எப்படி வந்தாலும் தப்பான இடத்துக்கே வந்தா, சரியான இடம் எது அக்கா?" என்றது குருவி.

கரைப் பொந்துக்குள்ளிருந்து யாரோ சிரித்தார்கள். முதலை. அதன் மேல் இன்னொரு முதலை, அதன் மேல் இன்னொன்று.

"ஏண்டி, ஊரே கீழ்மடுவுக்குப் போயாச்சு. உன் பிள்ளையும் அழுதுகிட்டே பின்னால போச்சு. நீ இங்கே மரத்துக்கு எரு போட்டுட்டு நிக்கிற."

"முதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீ எங்கே என்னைக் கேட்டே? மரத்துகிட்டதான பேசிட்டிருந்தே."

நீர்யானை ஓடியது.

கீழ்மடுவில் தண்ணீர் என்று சொல்ல ஒன்றுமில்லை. சேறு. அதில் இடைவெளியே இல்லாமல் நீர்யானை முதுகுகள். இதற்கு முன் ஒருவரையொருவர் கிட்டே சேர்க்காதவர்கள் எல்லோரும் ஒட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

நீர்யானை கூப்பிட்டது. ஐந்தாறு குட்டிகள் ஒரே நேரத்தில் "அம்மா" என்றன. எல்லாம் ஒரே நிறம். முகர்ந்து பார்த்தது, எல்லாம் சேற்று வாசனை.

"புளியவேர்கிட்ட உன்னை விட்டுட்டுப் போனது நான்தானே?" என்று ஒன்றிடம் கேட்டது.

"என்ன வேர்?" என்றது அது. பிறகு சந்தேகத்துடன், "நீங்கதானா?" என்றது.

"வந்தா உள்ளே வா, இல்லேன்னா போ. வழியில நிக்காதே" என்று ஒரு கிழட்டு ஆண் உறுமியது.

நீர்யானை உள்ளே இறங்கியது. இரண்டு பக்கமும் நெருக்கினார்கள். அதன் தொண்டைக்குக் கீழே சின்ன முதுகு ஒன்று வந்து நின்றது. கேள்வி கேட்ட குட்டியா, வேறொன்றா என்று தெரியவில்லை. குருவி திரும்பி வந்து உண்ணி பொறுக்கத் தொடங்கியது. நீர்யானை மோவாயை அந்த முதுகின் மேல் வைத்தது.

உலகத்தின் முதல் கோடை வந்த அன்றிலிருந்துதான், ஆறு போன பிறகு நீர்யானைகள் மடுவில் நெருக்கியடித்துக் கிடப்பதும், பக்கத்து முதுகில் மோவாயை வைத்துக்கொள்வதும். யாருடைய முதுகு என்று அவை கேட்பதில்லை.