பதின்மூன்று முதல் பத்தொன்பது வரை

ஓடைப்புதூர் வாசகர் வட்டத்தாரைப் பக்கத்து ஊர் மேலக்கோட்டைக்காரர்கள் முட்டாள்கள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது அபாண்டம். முட்டாள் என்பவன் யோசிக்காமல் செய்வான். இவர்கள் யோசிக்காமல் ஒரு காரியமும் செய்ததில்லை. யோசித்ததுதான் வினை.

வட்டத்தில் நான்கு பேர். தலைவர் வேதமுத்து, ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வுபெற்றவர். அடுத்தவர் சுப்புக்காளை, முன்னாள் பஸ் கண்டக்டர். விசில் இன்னும் கழுத்தில் தொங்குகிறது. பாண்டியம்மாளுக்கு நூலகத்துக்கு எதிரே இட்லிக்கடை. நான்காமவர் செயலாளர் அழகேசன், மாவு மில் வைத்திருந்தார். நான்கு பேர் உட்கார்ந்தால் வட்டம் எப்படி வரும், சதுரம்தானே வரும் என்று ஒரு வருஷம் விவாதித்து, கடைசியில் ஐந்தாவதாக ஒரு காலி நாற்காலியைப் போட்டு வளைத்துக்கொண்டார்கள்.

நூலகர் மாற்றலாகிப் போய் இரண்டு வருஷமாகிறது. வேறு ஆள் வரவில்லை. சாவி வேதமுத்துவின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. மாலை நான்கு முதல் ஏழு வரை அவர் இடுப்பு அனுமதிக்கிறபடி நூலகம் திறக்கும்.

அழகேசனுக்கு அந்த நூலகத்தில் ஒரே ஒரு புத்தகம்தான் வேண்டும். அட்டையும் தலைப்பும் கிழிந்துபோன ஒரு நாவல். கோமதி என்றொரு பெண் ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் புருஷன் தண்ணீர் பிடிக்க இறங்குகிறான். வண்டி ஊதுகிறது. அது இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அழகேசன் வாய் அசைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய மரியாதை கொடுத்துப் படிக்கிறவர். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரும்போது இரவல் கெடுவான பதினான்கு நாள் முடிந்திருக்கும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அன்றே மறுபடியும் எடுப்பார். புதிதாக எடுத்த புத்தகத்தை நடுவிலிருந்து படிப்பது, ஒரு வீட்டுக்குள் அடுக்களை வழியாக நுழைகிற மாதிரி என்பது அவர் கருத்து. ஆகவே முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார்.

இப்படிப் பதினொரு வருஷமாகக் கோமதி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அழகேசனின் மனைவி போனதும் அதே பதினொரு வருஷத்துக்கு முன்னால்தான். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை. ரயிலைப் பற்றித்தான் பேசுவார்.

ஏப்ரல் கடைசியில் மாவட்ட நூலக அலுவலரிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வேதமுத்து எழுந்து நின்று வாசித்தார். கோடை வாசிப்புத் திட்டம். மே மாதம் முழுவதும் பதின்மூன்று முதல் பத்தொன்பது வயதினருக்கு மட்டுமே அனுமதி. நூல்கள் வெளியே தரப்படமாட்டா. பட்டிமன்றம் முதலிய நிகழ்ச்சிகள் நடத்தப்பட வேண்டும். நூலக வளாகத்தில் பேசக் கூடாது. முப்பத்தொன்றாம் தேதி அலுவலர் ஆய்வுக்கு வருவார். இருபது பேராவது படித்துக்கொண்டிருக்காவிட்டால் கிளை மூடப்பட்டு, நூல்கள் அனைத்தும் மேலக்கோட்டைக்கு அனுப்பப்படும்.

அழகேசன் எழுந்து அலமாரிப் பக்கம் பார்த்தார். கோமதி மேலக்கோட்டைக்குப் போய்விடுவாள். அங்கே யாரோ ஒருத்தன் மூன்றே நாளில் படித்துத் தூக்கிப் போடுவான்.

"மட்டும்னு போட்டிருக்கான்" என்றார் வேதமுத்து.

"அப்ப நாம?" என்றார் அழகேசன்.

"உமக்கு என்ன வயசு?" என்றார் சுப்புக்காளை.

"அறுபத்திரண்டு."

"நாப்பத்திமூணு வருஷம் பிந்திட்டீரே" என்றார் சுப்புக்காளை, போய்விட்ட பஸ்ஸைப் பற்றிச் சொல்கிற குரலில்.

சற்று நேரம் நால்வரும் தங்கள் வயதைத் தனித்தனியே நினைத்து வருந்தினார்கள். பிறகு சுப்புக்காளை தொண்டையைச் செருமினார்.

"தலைவரே, ஒரு சந்தேகம். லேடீஸ் ஸ்பெஷல் பஸ்ல ஆம்பளை ஏறக்கூடாது. ஆம்பளையோட லக்கேஜ மட்டும் ஏத்தலாமா?"

"கூடாது."

"அப்ப நாற்பது வயசுப் புத்தகம் மட்டும் எப்படி உள்ள இருக்கலாம்?"

சரியான கேள்விக்குப் பதில் இருக்காது என்று வேதமுத்து சொன்னார்.

மூன்று நாள் உட்கார்ந்து புத்தகங்களுக்கு வயது பார்த்தார்கள். பதின்மூன்றுக்குக் கீழேயும் பத்தொன்பதுக்கு மேலேயும் இருந்த மூவாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள் பாண்டியம்மாளின் இட்லிக்கடைக்குப் போயின.

"கடையெல்லாம் புத்தகமா இருந்தா இட்லிச் சட்டிய எங்கய்யா வைக்கிறது?" என்றாள் பாண்டியம்மாள்.

"புத்தகத்து மேல வைங்க மதினி. சூடு தாங்கும்" என்றார் சுப்புக்காளை.

நூலகத்தில் நூற்று நாற்பது புத்தகங்கள் மிஞ்சின. கறவை மாடு வளர்ப்பு, காளான் சாகுபடி, நீரிழிவுக்காரர் உணவு, பாம்புக்கடிக்கு முதலுதவி, இப்படி. அழகேசனின் நாவல் மிஞ்சவில்லை. தலைப்பில்லாததால் வயது தெரியவில்லை என்று சுப்புக்காளை அதை இட்லிக்கடைக் குவியலில் எறிந்துவிட்டார்.

அழகேசன் பதறிப்போனார். "சாம்பார் பட்டுரும்யா. பின்னாடி முத்திரை இருக்கும், பாருங்க."

முத்திரை கடைசிப் பக்கத்தில் இருந்தது. முடிவைப் பார்த்துவிடக் கூடாதென்று அழகேசன் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். வேதமுத்து தேதியை வாசித்தார்.

"பதினெட்டு வயசு. உள்ள இருக்கலாம்."

அழகேசன் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சந்தோஷமாக வீட்டுக்கு நடந்தவர், பாதி வழியில் பால் பூத் அருகே நின்றுவிட்டார். புத்தகம் உள்ளே. தான் வெளியே. இட்லிக்கடையில் விட்டிருந்தால் சாம்பாரோடாவது படித்திருக்கலாம்.

மே ஒன்றாம் தேதி சுப்புக்காளை வாசலில் ஸ்டூல் போட்டு, ஆதார் அட்டையைப் பார்த்து ஒவ்வொருவராக ஏற்றிவிடத் தயாராக உட்கார்ந்தார். இரண்டு பேர் வந்தார்கள். அடுத்த நாள் ஒருவர். அதுவும் மழைக்கு ஒதுங்கியவர்.

"பட்டிமன்றம் வச்சா வருவாங்க" என்றார் வேதமுத்து. பெரியவர்கள் உள்ளே போக முடியாதாகையால் ஜன்னலுக்கு வெளியே மேடை போட்டார்கள். 'புத்தகம் படிப்பது அறிவுக்கா, ஆனந்தத்துக்கா?' என்பது தலைப்பு. ஆனால் வளாகத்தில் பேசக் கூடாது. ஆகவே பேசாமல் நடத்தினார்கள்.

பாண்டியம்மாள் அறிவுக்காக எழுந்து, இரண்டு கையையும் விரித்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் வாதாடினாள். ஆனந்தத்துக்காக எழுந்த சுப்புக்காளை வானத்தைக் காட்டினார், பூமியைக் காட்டினார், விசிலை வாயில் வைத்து ஊதாமல் எடுத்தார். ஓரிடத்தில் அழகேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. நடுவர் வேதமுத்து இருபது நிமிஷம் தலையை ஆட்டித் தீர்ப்பளித்தார். எந்தக் கட்சி ஜெயித்தது என்று பிறகு தெருமுனைக்கு வந்து கேட்டபோது, வளாகத்தில் சொன்னதை வெளியே சொல்வது முறையல்ல என்றுவிட்டார்.

இதைக் கேள்விப்பட்டு மறுநாள் எட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒருவனைத் தேடி அவன் அம்மா வந்தாள்.

"அண்ணே, என் மகனை வெளிய அனுப்புங்க. கேஸ் சிலிண்டர் தூக்கணும்."

"அவனுக்கு வர விருப்பமில்லையாம்."

"நானே போய்க் காதப் பிடிச்சுக் கூட்டியாறேன்."

"உனக்கு என்ன வயசும்மா?" என்றார் சுப்புக்காளை.

அவள் சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்க வாசலுக்கு வந்த எந்த அம்மாவும் சொல்லவில்லை. அப்பாக்கள் சொன்னார்கள். சொல்லியும் பயனில்லை.

சிலிண்டர் தூக்கச் சொல்லாத, மார்க் என்ன என்று கேட்காத, எதிர்வீட்டுப் பிள்ளையைப் பார் என்று சொல்லாத இடம் ஒன்று ஊருக்குள் இருக்கிறது என்ற செய்தி இரண்டே நாளில் எல்லாத் தெருவுக்கும் போய்விட்டது. பதினைந்தாம் தேதிக்குள் இருபத்தாறு பேர். பழைய கல் கட்டடம், உள்ளே செல்போனுக்கு டவர் கிடைக்காது. முதல் வாரம் தூங்கினார்கள். இரண்டாம் வாரம் தூக்கம் தீர்ந்துபோனதால் படிக்கத் தொடங்கினார்கள். கறவை மாட்டுக்கு அடிதடி நடந்தது. ஒருவன் வீட்டுக்குப் போய், எருமைக்குத் தாது உப்பு போதவில்லை என்று அப்பாவிடம் சொல்லி அடி வாங்கினான்.

அழகேசனின் நாவல், மில் தெருப் பெண் சுபிக்ஷாவின் கைக்குப் போயிருந்தது. பதினைந்து வயது. அவர் தினமும் ஜன்னலுக்கு வெளியே நின்று அவள் பக்கம் புரட்டுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் அவள் புத்தகத்தை மூடிவிட்டுக் கம்பியருகே வந்தாள்.

"மில்லு மாமா, முடிச்சிட்டேன். சொல்லவா?"

அழகேசன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "வேண்டாம்மா. நான் இன்னும் அங்க வரலை."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"ஜன்னலுக்கு வெளியே" என்றார் அழகேசன். அவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அவள் முகத்தை வைத்து முடிவைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று அழகேசன் தரையைப் பார்த்தபடி வீட்டுக்கு நடந்தார்.

முப்பத்தொன்றாம் தேதி அலுவலர் திருவேங்கடம் ஜீப்பில் வந்து இறங்கினார். மே மாத வெயில் சாயங்காலம் நாலரை மணிக்கும் குறைந்தபாடில்லை. உள்ளே இருபத்தாறு பேர் குனிந்த தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார்கள். அழகேசனின் இதயம் மில் பெல்ட் மாதிரி ஓடியது. இவர் உள்ளே போய் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், கோமதி எங்கும் போகமாட்டாள்.

திருவேங்கடம் படியேறினார். சுப்புக்காளை விசில் ஊதினார்.

"ஐயாவுக்கு வயசு?"

"ஐம்பத்தெட்டு. ஏன்?"

"மன்னிக்கணும்."

"யோவ், நான்தான்யா அலுவலர்."

"தெரியுதுங்க. உங்க கையெழுத்துத்தான் போட்டிருக்கு." சுற்றறிக்கையை நீட்டினார். திருவேங்கடம் தன் கையெழுத்தைத் தானே பார்த்தார். மட்டுமே என்ற சொல்லின் கீழே அவரே சிவப்பு மையில் கோடும் போட்டிருந்தார்.

"நான் பார்க்கலைன்னா ஆய்வு நடக்கலைன்னு எழுதிருவேன். கிளையை மூடிருவாங்க."

"ஐயா போனீங்கன்னா விதி மீறிருச்சுன்னு ஆயிரும். அதுக்கும் மூடிருவாங்க" என்றார் வேதமுத்து.

வட்டம் கூடியது. காலி நாற்காலியை அலுவலருக்குக் கொடுத்தார்கள்.

"ஐயாவோட ஜீப்பு எந்த வருஷத்து வண்டி?" என்று கேட்டார் சுப்புக்காளை.

"பதினேழு வருஷம் ஆச்சு" என்றார் டிரைவர்.

"அப்ப ஜீப்பு போகலாம்."

ஜீப்பைத் தள்ளினார்கள். இரண்டு படி ஏறி, நிலைப்படியில் முட்டி நின்றுவிட்டது. கதவை அகலமாக்கலாமா, ஜீப்பை ஒடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, திருவேங்கடம் வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார். கூடவே பையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

"இது?" என்றாள் பாண்டியம்மாள்.

"பதவி உயர்வுக்குக் கொடுத்தது. பதினாறு வருஷம்."

எல்லோர் முகமும் மலர்ந்தது. பேனா உள்ளே போயிற்று. சுபிக்ஷா அதை வாங்கி, வரிசை வரிசையாக எல்லோர் முன்னும் காட்டிவிட்டு, ஒரு தாளில் அதைக்கொண்டே எழுதி அனுப்பினாள்: 'இருபத்தாறு பேர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே இருப்பவர்கள் சத்தம் போட வேண்டாம்.'

திருவேங்கடம் அதை இரண்டு தடவை படித்தார். முப்பது வருஷ வேலையில், அமைதியாக இருங்கள் என்று நூலகத்துக்குள்ளிருந்து யாரும் அவரிடம் சொன்னதில்லை. பாண்டியம்மாள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் பார்வையாளர் பதிவேட்டில் எழுதினார்: 'திட்டம் சிறப்பு. கிளை மூடப்பட வேண்டியதில்லை. மறு உத்தரவு வரும்வரை இதே விதிகளுடன் தொடரலாம்.' பிறகு ஜீப்பைப் படியிலிருந்து இறக்கும்வரை மரத்தடியில் நின்றார்.

வட்டத்தார் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அழகேசன்தான் பதிவேட்டின் கடைசி வரியை மறுபடியும் படித்தவர். மறு உத்தரவு. ஓடைப்புதூருக்கு மறு உத்தரவு என்று ஒன்று வந்ததாகச் சரித்திரமே இல்லை.

அன்றிரவு அவர் தூங்கவில்லை. விடிந்ததும் அலமாரியைக் குடைந்து, கண்ணாடிக் கடை ரசீது ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு, மாலை நான்கு மணிக்கு நூலக வாசலில் முதல் ஆளாக நின்றார்.

சுப்புக்காளை ரசீதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். அழகேசன் மூக்கிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

"பதினஞ்சு வயசு" என்றார். "தாராளமா உள்ள போகலாம்."

அன்றிலிருந்து அழகேசனின் கண்ணாடி தினமும் உள்ளே போகிறது. சுபிக்ஷா அதை நாவலின் மேல் வைத்து, ஒரு பக்கம் படிக்க எவ்வளவு நேரமாகும் என்று அவரிடமே கேட்டறிந்து, அந்தக் கணக்குக்குப் பக்கத்தைத் திருப்புகிறாள். அந்த மூன்று மணி நேரமும் அழகேசன் எதிரே இட்லிக்கடை பெஞ்சில், கண் தெரியாமல், நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். ஏழு மணிக்குக் கண்ணாடி வந்ததும் துடைத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். அதனிடம் எதுவும் கேட்பதில்லை.

பதின்மூன்றாம் நாள் சுபிக்ஷா கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுக்கும்போது முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

"மாமா, இருநூத்திப் பன்னிரண்டுக்கு வந்திருச்சு. வண்டி ஊதிருச்சு. நாளைக்கு வச்சா அவன் ஏறினானா இல்லையான்னு தெரிஞ்சிரும்."

அழகேசன் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார்.

"நாளைக்குப் பதினாலாம் நாள்ம்மா. முதல் பக்கத்துல வச்சிரு."

"ஐயோ மாமா, இன்னும் இருபத்தெட்டுப் பக்கந்தான்."

"இருக்கட்டும்மா" என்றார் அழகேசன், கண்ணாடியை வேட்டி நுனியில் மெல்லத் துடைத்தபடி. "என்ன அவசரம், இந்தக் கண்ணாடிக்கு இருபது வயசாக இன்னும் நாலஞ்சு வருஷம் கிடக்கு."