உமி மூட்டை

மழை பொய்த்த ஆண்டு ஊரே புளியங்கொட்டை அவித்துத் தின்றது. வியாபாரி அம்பலவாணரோ, விலை ஏறட்டும் என்று கிட்டங்கி நிறைய நெல்லைப் பதுக்கினார்.

தாசில்தார் சோதனைக்கு வந்தார். மூட்டை சுமக்கும் காத்தாயியை அம்பலவாணர் மிரட்டினார்: “உள்ள இருக்கிறது உமின்னு சொல்லு. மாத்திச் சொன்னா நாளைக்கு உனக்கு வேலை கிடையாது.”

“எல்லாம் உமிதான் சாமி,” என்று தாசில்தாரிடம் சொன்னாள் காத்தாயி.

அம்பலவாணர் வீட்டில் விருந்துண்ட தாசில்தார் மூட்டையைத் தொடாமலே தலையாட்டினார்.

காத்தாயி வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கூவினாள்: “அடுப்பெரிக்க ஆளுக்கொரு மூட்டை தூக்குங்க! உமிய முதலாளி என்னைக்கும் சும்மாதானே குடுப்பாரு?”

தாசில்தார் எதிரே அம்பலவாணரால் வாய் திறக்க முடியவில்லை. அன்று எல்லார் உலையிலும் ‘உமி’ கொதித்தது.

பஞ்சம் தீர்ந்ததும் கோயில் வாசலில் கல் நட்டார்கள்: ‘ஊருக்குச் சோறிட்ட வள்ளல் அம்பலவாணர்.’

அந்தக் கல்லைச் சுமந்து வந்தவளும் காத்தாயிதான்.