முந்நூற்றுப் பன்னிரண்டாம் சுவடி

மாசிலாமணிக்கு வயிற்றெரிச்சல். காரணம் குஞ்சிதபாதம்.

இருவரும் மடத்துத் தம்பிரானிடம் ஏடு படிக்கக் கற்றவர்கள். குஞ்சிதபாதம் ஆற்றுக்கு அக்கரையில் ஆவணக் காப்பகத்துக்கு அதிகாரியாகிப் போனார். மாசிலாமணி மடத்து நூலகத்திலேயே தங்கினார். எந்தச் சுவடி, யார் எழுதியது, எத்தனை ஏடு, என்ன நிலை என்று எண்ணூறு சுவடிகளுக்கும் விவரம் எழுதிக் கணினியில் ஏற்றினார். பதினோரு வருஷ வேலை. இப்போது வயது அறுபது. குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்த சீடர்.

அந்தப் பட்டியலைக் கேட்டு அக்கரையிலிருந்து மூன்று கடிதம் வந்தது. மாசிலாமணி ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

ஒருநாள் காலை தம்பிரானிடம் ஓடிவந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சாமி, குஞ்சிதபாதம் திருடன்."

"எதைத் திருடினான்?"

"என் பட்டியலை. எண்ணூறும் அவன் இணையதளத்துல கிடக்கு. தானே செஞ்சதா சொல்லுவான். சொல்லட்டும். சாட்சி வெச்சிருக்கேன்."

"என்ன சாட்சி?"

"முந்நூத்திப் பன்னிரண்டு. கண்ணொளிக் கோவை. கண் நோய்க்கெல்லாம் மருந்து சொல்ற சுவடி. அப்படி ஒண்ணு நம்மகிட்ட கிடையாது. எங்கேயுமே கிடையாது. எவனாவது திருடினா மாட்டட்டும்னு நானே ஒரு பேரை இட்டுக்கட்டிச் செருகினேன்."

தம்பிரான் படித்துக்கொண்டிருந்த ஏட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"பட்டியலை நான்தான் அனுப்பினேன், ஓய்."

"அவனுக்கா? என் உழைப்பையா?"

"ஒவ்வொரு சுவடிக்கும் கீழே உம்ம பேரைப் போட்டிருக்கான். பார்த்தீரா?"

பார்க்கவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டை மட்டும்தான் தேடினார்.

"சரி. வாசல்ல ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க. சங்கரன்கோவில் வைத்தியர். மூணு பஸ் மாறி வந்திருக்காங்க. மகளுக்குப் பார்வை மங்கிக்கிட்டே வருதாம். முந்நூத்திப் பன்னிரண்டு வேணுமாம். எடுத்துக் கொடும்."

"சாமி... அது இல்லையே."

"என்கிட்ட ஏன் சொல்றீர்?"

மாசிலாமணி நூலகத்துப் பக்கம் திரும்பினார்.

"பட்டியல்லேருந்து இப்பவே அழிச்சுடறேன் சாமி."

"எந்தப் பட்டியல்லேருந்து? குஞ்சிதபாதம் ஏழு நூலகத்துக்குக் கொடுத்துட்டான். அவங்க யார் யாருக்குக் கொடுத்தாங்களோ."

தம்பிரான் கையிலிருந்த ஏட்டைக் கட்டி வைத்தார்.

"ஒரு நாற்காலியை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போம். இந்த அம்மா முதல் ஆள்தான்."